ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டுங்கப்பா

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதல. வண்டி படுத்துருச்சு, அதோட நானும் படுத்துட்டேன்னு வச்சுக்கங்க. வண்டின்னா மினி லாரி. நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு செகண்ட் ஹேண்டுல வாங்கினது. தக்காளி, முருங்கைக்காய் எல்லாம் அதுலதான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். விடிகாலைல போய்ச் சேரலைன்னா அன்னிக்கு விலை நம்ம விலை இல்ல, வாங்குறவன் சொல்றதுதான் விலை.

போன மாசம் வழியில ரேடியேட்டரோட கீழ் ஹோஸ் வெடிச்சு, தண்ணி மொத்தமும் ரோட்டுல போச்சு. மேல 70 பெட்டி தக்காளி. பக்கத்துல இருந்த கடையில புது ஹோஸ் மாட்டி, குடத்துல போர் தண்ணிய மடமடன்னு ஊத்தி, மூடிய அடிச்சு மூடிக் கிளம்பிட்டோம். ஊத்தினது நான்தான். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் அடுத்தவனைத் திட்டும்போது நியாயமா இருக்கும்.

ரெண்டு நாள்ல ஆரம்பிச்சது. மேடு ஏறினா முள்ளு சிவப்புக்குத் தாவும். ஓரங்கட்டலாம்னு பாக்கறதுக்குள்ள தானா கீழ இறங்கும். ரேடியேட்டர் பக்கம் கொடகொடன்னு சத்தம். ராத்திரி நிறைய ஊத்தி வச்சா காலைல தண்ணி இறங்கியிருக்கும், ஆனா கீழ ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது.

மூணு மெக்கானிக்கைப் பாத்தேன். முதல் ஆளு இன்ஜின் சத்தத்தைக் கேட்டதோட சரி, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுண்ணே, இறக்கிரணும். 38,000 வச்சுக்கங்க"ன்னார். ரெண்டாவது ஆளு ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ரெண்டையும் மாத்தச் சொன்னார். மூணாவது தம்பி, "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசிருங்கண்ணே, நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு"ன்னான். சென்னையில இருக்கிற தங்கச்சி மகன் போன்ல, "மாமா, கிராமத்து மெக்கானிக்கு என்ன தெரியும், பெரிய சர்வீஸ் சென்டர்ல விடுங்க"ன்னான். மாப்ள, அங்க ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுத்துட்டு இதே கேஸ்கெட்டைத்தான் சொல்லுவான், பில்லு மட்டும் கம்ப்யூட்டர்ல வரும்.

என் கோவம் 38,000 ரூபாய் மேல இல்ல. மூணு பேர்ல ஒருத்தர் கூட ரேடியேட்டர் மூடியைத் தொறந்து பாக்கல. "கடைசியா இந்த வண்டியில என்ன வேலை பாத்தீங்க"ன்னு ஒருத்தர் கேக்கல. வயித்து வலின்னு போனா நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேக்காம நேரா ஆபரேஷன் டேபிள்ல படுக்கச் சொல்ற மாதிரி இருக்கு.

இத்தனைக்கும் இது நம்ம காட்டுல தினம் பாக்கற விஷயம். கிணத்து மோட்டார் ஓடும், தண்ணி எடுக்காது. ஏர் புடிச்சிருச்சுன்னு சின்னப் பையன் கூடச் சொல்லுவான். தண்ணி ஊத்தி, காத்தை வெளியேத்தி, மறுபடி போடுவோம். மோட்டார் தண்ணி எடுக்கலைன்னு எவனாவது புதுக் கிணறு வெட்டுவானா? வண்டியோட வாட்டர் பம்ப்பும் அதே சாதிதான். இறக்கை சுத்தி தண்ணியத் தள்ளும், காத்தைத் தள்ளத் தெரியாது. ஹெட்டுக்குள்ள மேடான இடத்துல காத்து உக்காந்துட்டா அந்த இடம் தண்ணி படாம வேகும். சூடு பாக்குற சென்சார் தண்ணிக்குள்ள இருந்தா ஒரு கணக்கு, காத்துல இருந்தா ஒரு கணக்கு. முள்ளு பேய் புடிச்ச மாதிரி ஏறி இறங்கினது அதனாலதான். தெர்மோஸ்டாட்டுல மெழுகு இருக்கு, சுடுதண்ணி பட்டு அது விரிஞ்சாத்தான் வழி தொறக்கும். அதைச் சுத்தியும் காத்துன்னா லேசுல தொறக்காது. உள்ள கொதிக்குது, மேல் ஹோஸைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு.

கடைசியில பஸ் டெப்போவுல வேலை பாத்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிய எப்ப மாத்துன?" ராத்திரி பூரா ஆற விட்டு, விடிஞ்சதும் மூடியைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூடா இருக்கும்போது தொறந்துடாதீங்க, கை முகம் எல்லாம் வெந்துரும். உள்ள அழுத்தத்துல அடைச்சு வச்சிருக்கிறதாலதான் தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு, தொறந்த அந்த நிமிஷமே பொங்கும்.

"கேஸ்கெட் போயிருந்தா ஆறின இன்ஜின்லயே ஸ்டார்ட் பண்ணினதும் முட்டை முட்டையா வந்துக்கிட்டே இருக்கும், நிக்காது. மூடிய மூடி வச்சா ரெண்டு நிமிஷத்துல ஹோஸ் கல்லு மாதிரி ஆயிரும். ஆயில் மூடியில பால் கலந்த மாதிரி இருக்கும், புகை வெள்ளையா வந்துக்கிட்டே இருக்கும்"னார். ஒவ்வொண்ணாப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. அப்புறம் வண்டி மூக்கு மேல இருக்கிற மாதிரி மேட்டுல ஏத்தி நிறுத்தினார். ஹோஸ் பக்கம் இருந்த காத்துத் திருகை லேசாத் தளர்த்தி, கூலன்ட்டை நூல் மாதிரி மெதுவா ஊத்தினார். ஐடில்ல ஓட விட்டு, மேல் ஹோஸைத் துணியோட பிடிச்சுப் பிடிச்சு அமுக்கினார். அரை மணி நேரம் இருக்கும். தெர்மோஸ்டாட் தொறந்ததும் கொபக் கொபக்னு ரெண்டு பெரிய முட்டை வந்துச்சு, தண்ணி சர்ருன்னு உள்ள இறங்கிச்சு. மறுபடி ஊத்தினார். முட்டை நின்னுருச்சு. மூடினார். மறுநாள் ஓட்டிப் பாத்து, ஆறினதும் இன்னொரு தரம் ஊத்தி நிறைச்சோம். அவ்வளவுதான் வைத்தியம்.

சூடேறுற வண்டி எல்லாமே காத்துதான்னு நான் சொல்ல வரல. கேஸ்கெட் நிஜமாப் போயிருந்தாலும் காத்து சேரும். காத்தோட ஓட்டிக்கிட்டே இருந்தா ஹெட் வளைஞ்சு நல்ல கேஸ்கெட்டும் போகும். அதனாலதான் முதல்ல அதைப் பாருங்கன்னு கத்துறேன். வால்வைக் கழட்டி வீசுறதும் வேண்டாம். இன்ஜின் பக்குவச் சூட்டுக்கே வராம டீசலைக் குடிக்கும். சில இன்ஜின்ல வால்வு இல்லைன்னா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியில சுத்தி, இன்னும் சூடுதான் ஏறும். போர் தண்ணியும் வேண்டாம். சொட்டுநீர் ஓட்டைய அடைக்கிற அதே உப்புதான் ரேடியேட்டரையும் அடைக்குது.

ஆனா ஒண்ணு உண்டு. அந்த மூணு பேரும் கெட்டவங்க இல்ல. ஒரு மணி நேரம் நின்னு பாத்து "ஒண்ணும் இல்ல, காத்துதான்"னு சொல்ற மெக்கானிக்குக்கு நாம என்ன குடுக்கிறோம்? ஒரு டீ. பழைய பார்ட்டைக் கழட்டிக் கையில குடுத்தாத்தான் பணத்தை எடுக்கிறோம். காரை ஒர்க்‌ஷாப்புல விடுற நீங்களும் அப்படித்தான். பாத்ததுக்குக் காசு குடுக்காத ஊர்ல எவன் பாப்பான்? கழட்டத்தான் செய்வான்.

பெரியவர் எதுவும் கேக்கல. கூலன்ட் காசு போக 500 ரூபாய் கையில வச்சேன். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டினதும் மச்சான் மெதுவாக் கேட்டார், "தண்ணி ஊத்துனதுக்கு ஐநூறா?"

சாயங்காலம் வரைக்கும் அவரோட நான் பேசல. மறுநாள் ரெண்டு பேரும் ஒரே வண்டியில மார்க்கெட் போகணும், அதனால பேசிட்டேன்.