ரயில் வராத ஊரின் தண்டவாளம்

கைவிட்ட ரயில் பாதையில நடக்கணும்னா எல்லாரும் தனுஷ்கோடியைச் சொல்வாங்க. 1964 புயலோட அங்க ரயில் போச்சு. சென்னைப் பக்கத்துல எதுன்னா, என் ஓட்டு பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு.

"அங்க ஏதுய்யா ரயிலு? பொன்னேரியில இறங்கி பஸ் பிடிக்கணுமே"ன்னு கேக்கறீங்களா? கரெக்ட். அந்த ஊருக்கு ரயில் மாதிரி இருந்தது பக்கிங்காம் கால்வாய். 1806ல சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவுல வெட்ட ஆரம்பிச்சது, பின்னால பழவேற்காடு தாண்டி ஆந்திராவுக்குள்ள போச்சு. உப்பும் விறகும் படகுலதான் சென்னைக்கு வந்துச்சு. அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை 1876-78 பஞ்சத்துல கூலிக்கு மண் சுமந்த ஜனங்க வெட்டினாங்க. பேரு மட்டும் கவர்னருக்கு :-)

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைத் தொல்லியல் துறை பாதுகாக்குது. நல்ல விஷயம். ஆனா நம்ம ஆளுங்க வெட்டின கால்வாய்? மயிலாப்பூர் பக்கம் அதுக்குள்ளயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாச்சு. 2008ல தேசிய நீர்வழி 4ல சேர்த்தாங்க. சரக்குப் படகு வரும்போது வரட்டும். முதல்ல கரையில ஜனங்க நடக்கிற மாதிரி ஒரு மண்பாதை போடுங்க. நாலு பேர் தினம் நடக்கிற இடத்துல குப்பை கொட்டவும் மண்ணடிச்சு மூடவும் கொஞ்சம் யோசிப்பான்.

இது வெறும் பழம்பெருமை இல்லீங்க. 2004 சுனாமியில பல இடத்துல அலையோட வேகத்தை வாங்கிக்கிட்டது இந்தக் கால்வாய்தான். அதைத் தூர்த்துட்டா அடுத்த அலை நேரா குப்பத்து வீட்டுக்குள்ளதான் வரும்.