எல்லைப் படங்களை மக்களுக்கும் காட்டுங்கள்: சங்கத்தின் நிலைப்பாடு

தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கும் ஆசியான் பார்வையாளர் குழுவுக்குத் துணையாக அமெரிக்காவின் துணைக்கோள் கண்காணிப்பையும் பயன்படுத்தலாம் என்று மலேசியப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2025 டிசம்பரில் முன்மொழிந்ததைச் செந்தூலில் கூடிய எங்கள் செயலவை வரவேற்கிறது. ஆனால் அந்தப் படங்கள் அரசுகளின் கையோடு நின்றுவிடக் கூடாது.

ஏன் என்று உறுப்பினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஏப்ரல் 19 வரை எடுக்கப்பட்ட துணைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இலங்கை அரசே 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த முல்லைத்தீவுக் கடற்கரையில் குண்டுப் பள்ளங்களை ஐநாவின் துணைக்கோள் பட ஆய்வுப் பிரிவான யூனோசாட் அடையாளம் கண்டது. ஏப்ரல் 26 தேதியிட்ட அந்த அறிக்கை கசிந்துதான் வெளியே வந்தது. பொதுப் பார்வைக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல என்றது ஐநா. பிறகு யாருடைய பார்வைக்கு? பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்குத் தலைக்கு மேல் என்ன விழுகிறது என்று தெரியும். தெரியாதது போல் இருந்த உலகத்துக்குத்தான் அந்தப் படம் தேவைப்பட்டது. மனித உரிமை அமைப்புகள் கேட்டுக்கொண்டதால் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் வணிகத் துணைக்கோள் படங்களை ஆராய்ந்தது. அந்த வலயத்தில் மே 6-இல் நெருக்கமாகத் தெரிந்த கூடாரங்களில் ஏராளமானவை மே 10-ஆம் தேதிப் படத்தில் இல்லை. மே 18-இல் போரோடு எல்லாம் முடிந்தது. அதே மாதம் ஐநா மனித உரிமை மன்றத்தில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்துக்கு மலேசியாவும் ஆதரவாக வாக்களித்தது. அந்த வாக்கை நாங்கள் மறக்கவில்லை.

தொலையுணர்வு பற்றிய ஐநாவின் 1986 கோட்பாடுகள், படம்பிடிக்கப்பட்ட நாட்டின் அரசுக்குத்தான் படங்களைப் பெறும் உரிமையைத் தருகின்றன. அரசே குண்டு போடும்போது இந்த உரிமையால் குடிமக்களுக்கு என்ன பயன்?

படைகளின் இருப்பிடம் வெளிப்பட்டால் ஆபத்து என்று சில உறுப்பினர்கள் எடுத்துரைத்தனர். அதைக் கருத்தில் கொண்டு, அத்தகைய படங்களை 'நியாயமான கால இடைவெளிக்குப் பின்' வெளியிடலாம் என்பதைச் செயலவை ஏற்கிறது. மருத்துவமனை, பள்ளி, அகதி முகாம் உள்ள இடங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே ஒரு நாள் தாமதத்தையும் ஏற்க மாட்டோம்.

2025 மார்ச்சில் உக்ரைனுக்குப் படங்கள் போய்ச்சேரும் வழியை வாஷிங்டன் தற்காலிகமாக அடைத்ததை மனத்தில் வைத்து, ஒரே நாட்டை நம்பியிருக்காமல், ஐரோப்பாவின் சென்டினல் துணைக்கோள்கள் இலவசமாகத் தரும் படங்களையும் மலேசிய விண்வெளி நிறுவனம் ஆராய்ந்து வெளியிட வேண்டும். ஆசியான் இதற்கென ஒரு பொதுக் களஞ்சியம் அமைப்பது குறித்துப் பரிசீலிக்கலாம். இந்த அறிக்கை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கு அனுப்பப்படுகிறது. எழுத்து வடிவில் பதில் வேண்டும்.