சுறாத் தோலும் கோல்ஃப் பந்தும் ஒன்றல்ல

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சார்ட். ஒரு பக்கம் சுறா, மறுபக்கம் கோல்ஃப் பந்து, நடுவில் விமானம். கீழே, "சொரசொரப்பு காற்றின் இழுவையைக் குறைக்கும்: இயற்கை தந்த பாடம்!" வாட்ஸ்அப்பிலும் இதுதான் சுற்றுகிறது. இயற்பியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், இரண்டுக்கும் காரணமே வேறு.

பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அதன் பின்பக்கம் வரை ஒட்டி வராமல் பாதியிலேயே பிரிந்துவிடுகிறது. பின்னால் அழுத்தம் குறைந்து, அதுவே பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. குழிகள், பந்தை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டி வருகிறது. வழவழப்பான பந்தைவிட இழுவை ஏறக்குறைய பாதியாகிறது.

விமானத்தின் வடிவம் அப்படியல்ல. பறக்கும்போது காற்று பெரும்பாலும் ஒட்டியே செல்கிறது. அங்கே தொல்லை உராய்வுதான். அதன்மேல் குழி போட்டால் எரிபொருள் கூடுதலாகத்தான் செலவாகும்.

அங்கே உதவுவது சுறா. அதன் தோலில் பல் போன்ற நுண்செதில்கள். அவற்றின் மேல் நீரோடும் திசையிலேயே வரப்புகள். சின்னச் சின்னச் சுழல்கள் தோலில் வந்து உரசாதபடி இவை தள்ளி நிறுத்துகின்றன. இத்தகைய வரப்புகளை நாசா 1980களில் சோதித்தது. ஆய்வகத்தில் உராய்வு 8 சதவீதம் வரை குறையும். லுஃப்தான்சா டெக்னிக்கும் பி.ஏ.எஸ்.எஃப்.பும் உருவாக்கிய படலத்தில் வரப்பின் அளவு 0.05 மில்லிமீட்டர்தான். 2022 முதல் அதை ஒட்டிக்கொண்டு போயிங் 777கள் பறக்கின்றன. எரிபொருள் மிச்சம் சுமார் 1 சதவீதம். பூ, இவ்வளவுதானா என்காதீர்கள். ஒரு பயணத்தில் 70 டன் எரிக்கும் விமானத்துக்கு அது 700 கிலோ!

சுறாவின் பெயரைச் சொன்னாலே வேலை நடந்துவிடாது. சுறாத் தோலின் பெயரில் வந்த ஒரு நீச்சல் உடையின் துணியை ஹார்வர்டில் ஜார்ஜ் லாடர் குழு சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டது. நிஜச் சுறாத் தோல் வேகத்தைக் கூட்டியது. அந்தத் துணியின் மேற்பரப்பால் சொல்லும்படியான பலன் இல்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ட்டின் முன் நிற்கும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மேடுபள்ளம் எவ்வளவு பெரியது? எந்தத் திசையில் ஓடுகிறது? எந்த வேகத்துக்கு? வரப்பின் அளவு மிஞ்சினாலோ, காற்றுக்குக் குறுக்கே திரும்பினாலோ இழுவை கூடிவிடும்.

"இயற்கையின் அதிசயம்" என்று வியந்துவிட்டுப் போவது எளிது. இயற்கை எதற்காக அப்படிச் செய்தது என்று கேட்பதுதான் அறிவியல். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் பிள்ளைக்கே முதல் பரிசைக் கொடுங்கள். அதன் தெர்மாகோல் விமானம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.