மிஸ்டு கால் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று கட்டம் எதற்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் முழுவதும் படியுங்கள். மற்றவர்கள் காபி போட்டுக்கொண்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

சென்ற வாரம் சொந்தத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனின் இங்கிலீஷ் நோட்டைப் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்று கட்டம். வி-ஒன், வி-டூ, வி-த்ரீ. வாக், வாக்ட், வாக்ட். ப்ளே, ப்ளேட், ப்ளேட். ஓப்பன், ஓப்பன்ட், ஓப்பன்ட். இப்படி நூறு வினைச்சொல், ஒவ்வொன்றும் ஐந்து தடவை. அதில் பாதிக்கு மேல் ரெகுலர் வெர்ப், அதாவது வெறுமனே 'ஈ-டி' சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும் வினைகள். இரண்டாம் கட்டத்தில் இருப்பதுதான் மூன்றாம் கட்டத்திலும் இருக்கிறது. "எதுக்குடா ரெண்டு தடவை எழுதுற?" என்றேன். "மிஸ் எழுதச் சொன்னாங்க தாத்தா" என்றான்.

மிஸ்ஸைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு ஐம்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், தலைக்கு மேல் ரிசல்ட். ஆனால் இந்த முறை தவறு. அதை உரக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ரெகுலர் வெர்பை மனப்பாடம் செய்யச் சொல்வது, இரட்டைப்படை எண்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது மாதிரி. விதி தெரிந்தால் பட்டியல் எதற்கு? நேற்று முளைத்த வினைக்கும் அதே விதிதான். 'கூகுள்' வினையாகி எத்தனை நாள் ஆகிறது? அதற்கும் 'கூகுள்ட்' என்றுதான் வந்தது. எந்தக் கட்டத்தில் எழுதி யார் மனப்பாடம் செய்தார்கள்?

சரி, அந்த விதி நம் பிள்ளைக்குக் கஷ்டமா? ஏற்கெனவே தெரியும் என்கிறேன். மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: மிஸ்டு கால், ரிட்டயர்டு வாத்தியார், லிமிடெட் கம்பெனி. பள்ளிக்கூடம் பக்கமே போகாத நம் பாட்டிகள்கூட 'மிஸ்ஸெட் கால்' என்று சொன்னதில்லை. என்னை யாரும் 'ரிட்டயரெட்' என்று சொன்னதில்லை. 'லிமிட்ட்' என்று யாரும் திணறியதும் இல்லை. 'ஈ-டி'யின் மூன்று ஓசைகளும் இந்த மூன்று சொற்களுக்குள் இருக்கின்றன.

தொண்டையில் கை வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், அதிர்வு இல்லை. 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள், அதிர்கிறது. வினையின் கடைசி ஓசை அதிராத ஓசை என்றால், 'ஈ-டி' நம் 'பட்டு' என்ற சொல்லில் வருகிற வல்லோசை: மிஸ்ட், வாக்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். கடைசி ஓசை அதிர்கிற ஓசை என்றால், 'பாடு' என்ற சொல்லில் வருகிற மெலிந்த ஓசை: ரிட்டயர்ட், ப்ளேட், ஓப்பன்ட், கால்ட். வினையே ட ஓசையில் முடிந்தால், ட-வுக்கு மேல் ட போட்டு நாக்கு எப்படிப் புரளும்? அதனால் நடுவில் ஒரு சின்ன உயிரோசை வருகிறது: லிமிடெட், வான்டட், நீடட். அவ்வளவுதான். ஒரு பீரியடில் முடிகிற பாடம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எழுதும்போது கண்ணுக்குத் தெரிவது ஒரே 'ஈ-டி', காதுக்கு மூன்று. நாம் கண்ணுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறோம், காதுக்குக் கடைசி வரை சொல்லிக்கொடுப்பதே இல்லை. பிறகு பிள்ளை 'வாக்கெட்', 'வாஷெட்' என்று எழுத்துக்கூட்டி வாசித்தால் சிரிக்கிறோம். நம் மொழியில் எழுத்தைப் பார்த்தால் ஓசை கைக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, பார்த்ததை நேர்மையாக வாசிக்கிறது. அதோடு, தமிழ்ச்சொல் 'க்ட்', 'ப்ட்' என்று முடிவதே இல்லை. அந்த இடத்தில் ஓர் உயிரெழுத்தைச் செருகிக்கொள்வது நம் வாய்க்கு இயல்பு. காரணம் தெரிந்த பிழைக்குச் சிரிப்பு மருந்து ஆகாது.

கடைசி ஓசையைப் பார்த்து இறந்தகாலத்தை அமைப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. செய் - செய்தான். உண் - உண்டான். கொல் - கொன்றான். கேள் - கேட்டான். ஓடு - ஓடினான். த், ட், ற், இன் என்று நன்னூல் இறந்தகால இடைநிலைகளைச் சொல்வதைப் பத்தாம் வகுப்பில் நீங்களும் படித்தீர்கள். நம் மொழியில் அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. ஆள் மாறினால் விகுதி மாறும். ஆங்கிலத்தில் நான் நடந்தாலும் நாய் நடந்தாலும் 'வாக்ட்'. மூன்று வயதில் 'கேட்டான்', 'ஓடினான்' இரண்டையும் பிழையில்லாமல் சொன்ன பிள்ளைக்கு இது மலையா?

அடுத்தது 'டிட்'. "ஐ டிட் நாட் வாக்ட்" என்று எழுதிச் சிவப்பு மை வாங்காத பிள்ளை குறைவு. இதற்கும் விடை வீட்டிலேயே இருக்கிறது. 'நடந்தேன்' என்பதை மறுக்க 'நடந்தேன் இல்லை' என்கிறோமா? 'நடக்கவில்லை' என்கிறோம். மறுப்பு வந்ததும் 'நடந்' போய் 'நடக்க' வந்துவிடுகிறது. வினை தன் இறந்தகாலக் குறியைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான். காலத்தை 'டிட்' சுமந்துகொண்டது, வினை வெறுங்கையோடு வந்தால் போதும்: "ஐ டிட் நாட் வாக்." கேள்வியிலும் அப்படியே: "டிட் யூ வாக்?" ஒரு மூட்டையை இரண்டு பேர் தலையில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். மறுக்கவில்லை. 'ட்ரை' என்பதில் மெய்யெழுத்தை அடுத்து வரும் ஒய், ஐ ஆக மாறும். 'ப்ளே' என்பதில் உயிரெழுத்தை அடுத்து வருவதால் மாறாது. 'ஸ்டாப்' கடைசி எழுத்தை இரட்டிக்கும். 'விசிட்' இரட்டிக்காது, ஏனென்றால் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'ப்ரிஃபர்' இரட்டிக்கும், அழுத்தம் கடைசியில். 'ட்ராவல்' மட்டும் பிரிட்டனில் இரட்டிக்கும், அமெரிக்காவில் இரட்டிக்காது. வினைக்குக் கடைசியில் ஏற்கெனவே ஈ இருந்தால் டி மட்டும் போதும். நான்கைந்து விதிகள். நூறு கட்டம் அல்ல.

"சார், நாங்களெல்லாம் மனப்பாடம் பண்ணித்தானே முன்னுக்கு வந்தோம்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். 'கோ' என்பது 'வென்ட்' ஆவதற்கும் 'பை' என்பது 'பாட்' ஆவதற்கும் மனப்பாடம் வேண்டும்தான். அவை விதிக்கு அடங்காதவை. அந்தப் பட்டியலைத் தனியாக, சிறிதாக வையுங்கள். அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிற பட்டியல். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007-இல் கணக்கெடுத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றுக் கிடந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தால், இடைக்கால ஆங்கிலத்தில் 145 மட்டுமே அப்படி மிஞ்சின, இன்று 98. மீதி எல்லாம் 'ஈ-டி'யிடம் சரணடைந்துவிட்டன. 'ஹெல்ப்' கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இருந்ததுதான்.

அதனால்தான் 'கோட்', 'ஈட்டட்' என்று சொல்லும் குழந்தையை நான் அடிமுட்டாள் என்று நினைப்பதில்லை. விதியைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலமே தாய்மொழியான நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் இல்லாத வினைகளைச் சொல்லி இறந்தகாலம் கேட்டார். 'ரிக்' என்றால் நேற்று என்ன செய்தான்? பெரும்பாலான குழந்தைகள் 'ரிக்ட்' என்றார்கள். கேட்டே இராத சொல்லை எந்தக் கட்டத்தில் மனப்பாடம் செய்திருக்க முடியும்? ஆனால் 'மாட்' என்ற இல்லாத வினைக்கு 'மாட்டட்' என்று சரியாகச் சொன்னவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. வெள்ளைக்காரக் குழந்தையே தடுமாறுகிற இடத்தில் நம் பிள்ளை தடுமாறினால் தலைகுனிவா?

இன்னொன்றும் கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த முடிவு தனி அசையாகவே ஒலித்தது. இன்றும் 'விக்கட்' என்ற சொல்லில் அந்த மிச்சம் இருக்கிறது. கலிவரின் பயணங்கள் எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1712-இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், 'டிஸ்டர்ப்ட்' என்று அசையை விழுங்கிச் சொல்வதைப் பார்த்துக் கொதித்தார். மொழி கெட்டுப்போகிறது என்றார். அவர் திட்டிய உச்சரிப்புதான் இன்று சரியான உச்சரிப்பு. நாளைக்கு மாறக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் அறிவை எடை போடுகிறோம். இன்றைய வழக்கைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் மானத்தை விலையாகக் கேட்டு அல்ல.

என் கோபமெல்லாம் இங்கேதான். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே "எங்க, இங்கிலீஷ்ல பேசு பாப்போம்" என்று பிள்ளையை நிறுத்துகிறீர்களே, அது பாசமா, பரீட்சையா? அது 'வாக்கெட்' என்றதும் நாலு பேர் சிரிக்கிறீர்கள். நீங்கள் பாயசத்துக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாய் வகுப்பில் திறக்காது, கல்லூரியில் திறக்காது, இன்டர்வியூவிலும் திறக்காது. விடை தெரிந்தும் கையைத் தூக்காத எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! அவர்களுக்கு இலக்கணம் வராமல் இல்லை. யாரோ ஒருவர் சிரித்தது மறக்கவில்லை.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரெகுலர் வெர்புக்குக் கட்டம் போடச் சொல்வதை இந்த வருஷத்தோடு விடுங்கள். முதல் பத்து நிமிஷம் நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் காதால் படிக்க வையுங்கள். பெற்றோராக இருப்பவர்களே, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொண்டையில் கை வைக்கச் சொல்லுங்கள். மிஸ்டு, ரிட்டயர்டு, லிமிடெட். பிறகு புதிதாகப் பத்து வினை கொடுத்து எது எந்த வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். ஏழு சரியாக வந்தால் தட்டிக்கொடுங்கள். மூன்று தவறினால் நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள், சிரிக்காமல்.

மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், வாதாடுவோம். வகுப்பில் உங்களைப் பேச விட்டவன்தான் நான்.

அன்புடன்,
உங்கள் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார்