மூணு சிலிண்டர் மேல் அப்படி என்ன கோபம்?

“மூணு சிலிண்டர் காடி, மூணு கால் நாற்காலி.” பெரோடுவா கஞ்சில் வந்த காலத்திலிருந்து எங்கள் ஊர் பெக்கான் நானாஸில் நான் கேட்டு வரும் வாசகம் இது. பழைய காடி விற்கிறவர் சொல்வார். சாப்பாட்டுக் கடையில் தே தாரே ஆற்றுகிறவர் சொல்வார். நிச்சயதார்த்த வீட்டு வாசலில் நிற்கும் காடியைப் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்வார். நான் பட்டறைக்காரன் என்பதால் என் காதில் விழும்படி இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வார்கள். இத்தனை காலம் சிரித்து மழுப்பிவிட்டேன். அண்மையில் ஒரு விருந்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, “நாலு காலில் ஒன்றை ஒடித்துவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்தான் ஜப்பான்காரன், நம்மாளும் வரிசையில் நின்று வாங்கினான்” என்று முழங்கிக் கைத்தட்டல் வாங்கினார். கைத்தட்டியவர்களில் பாதிப் பேர் மூணு சிலிண்டர் அக்சியாவிலும் பெஸ்ஸா 1.0இலும் வந்தவர்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாற்காலிக்கு முதலில் பதில். உங்கள் பாட்டி வாசலில் அடுப்பு மூட்டியபோது எத்தனை கல் வைத்தார்? மூன்று. தரை எப்படி இருந்தாலும் மூன்று கல் மேல் பானை ஆடாது. நாலாவது கல்லை வைத்துப் பாருங்கள், அடியில் சில்லு கொடுக்காமல் நிற்காது. சரி, எஞ்சின் நாற்காலியும் இல்லை, அடுப்பும் இல்லை. இரும்புக்கு வருவோம்.

“ஒடித்தான்” என்கிறாரே, ஒடித்தது எப்போது? ஜப்பானில் ‘கெய்’ என்னும் குட்டிக் காடி வகைக்கு அரசாங்கமே அளவு வைத்திருக்கிறது. 1955இல் 360 சிசி, 1976இல் 550, 1990இல் 660. அந்த 360 காலத்திலேயே நாலு சிலிண்டரைச் செய்து பார்த்தவர்கள் அவர்கள். 1962இல் மஸ்டா கேரல் வந்தது: 358 சிசி, நாலு சிலிண்டர். அடுத்த ஆண்டே ஹோண்டா டி360 என்ற குட்டி லோரிக்கும் நாலு வைத்தது. ஒரு சிலிண்டருக்கு 90 சிசி கூட வராது. கேட்க இனிமையாக இருந்திருக்கும், ஓட்டியவர் கியரை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்திருப்பார். பிறகு 660 காலத்திலும் சுபாரு, மிட்சுபிஷி, டைஹட்சு மூன்று கம்பெனியும் விடாமல் நாலு சிலிண்டர் போட்டன. ஒன்றுக்கு 165 சிசி. சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, உள்ளே எரியும் வாயுவின் அளவோடு பார்த்தால் சுவரின் பரப்பு கூடிக்கொண்டே போகும். எரிந்த சூட்டில் அதிகப் பங்கு பிஸ்டனைத் தள்ளாமல் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் போய்விடும். உரசுவதற்கு நாலாவது பிஸ்டன், நாலாவது செட் ரிங் வேறு. காசு போட்டுப் பார்த்தவர்கள்தான் கைவிட்டார்கள். சுபாரு 2012இல் குட்டிக் காடி செய்வதையே நிறுத்திவிட்டது. டைஹட்சு 2002இல் கோபென் என்ற விளையாட்டுக் காடிக்கு நாலு சிலிண்டர் டர்போ வைத்தது. 2014இல் புதிய கோபென் வந்தபோது மூன்று. இன்று ஜப்பானில் புதிதாக விற்கும் பெட்ரோல் கெய் எதைத் திறந்தாலும் மூன்றுதான்.

மூன்றுக்கும் தனி வம்சம் உண்டு. 1967இல் சுசுகி ஃபிரான்டி, 356 சிசி டூ ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர். அடுத்த ஆண்டு பந்தய வீரர் ஸ்டெர்லிங் மோஸ் அதை இத்தாலியில் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஓட்டிக் காட்டினார். சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியானுக்குப் போகவே மூணு சிலிண்டர் போதாது என்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 1977இல் டைஹட்சு ஷரேட், 993 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். அந்த வழியில் வந்ததுதான் 1994இல் பெரோடுவா வெளியிட்ட கஞ்சில். 659, 847 என்று இரண்டு எஞ்சின்.

இனி ஆட்டம். “மூணு சிலிண்டர் உதறும்” என்பதுதான் எல்லாரும் எடுக்கும் பிரம்மாஸ்திரம். ஒரு மூன்று சிலிண்டர் கிராங்க்‌ஷாஃப்டைக் கழுவி மேசையில் வைத்து, முனையிலிருந்து பாருங்கள். கைகள் மூன்றும் 120 பாகை இடைவெளியில் பிரிந்து நிற்கும். மைக் பிடிக்கிறவர்கள் ஆசைப்படும் பென்ஸ் முத்திரை அப்படியே தெரியும். ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்ற இரண்டும் பாதிக்குக் கீழே இருக்கும், ஒன்று இறங்கிக்கொண்டு, ஒன்று ஏறிக்கொண்டு. மூன்றின் மேல்கீழ் விசையையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பூச்சியம். எஞ்சின் ஆயிரத்தில் சுற்றினாலும் ஆறாயிரத்தில் சுற்றினாலும் பூச்சியம்.

நாலு சிலிண்டரில் இரண்டு மேலே, இரண்டு கீழே. பார்க்கச் சரிசமமாகத்தான் இருக்கும். ஆனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கோன்ராட் சாய்ந்து சாய்ந்து ஓடுவதால், பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் போகிறது. மேலே உள்ள இரண்டின் இழுப்பைக் கீழே உள்ள இரண்டால் முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. அந்த மிச்சம் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு தடவை எஞ்சினைத் தூக்கி இறக்கும். வேகம் இரட்டிப்பானால் இது நாலு மடங்காகும். எஞ்சின் பெரிதானால் இன்னும் கூடும். இதைத் தாங்க முடியாமல்தான் மிட்சுபிஷி 1975இல் தன் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குள் எதிரெதிராகச் சுழலும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்டை நுழைத்தது. அப்புறம் யார் அதை வாங்கினார்கள் தெரியுமா? போர்ஷே. 944 மாடலின் இரண்டரை லிட்டர் நாலு சிலிண்டரை அடக்க, ஜெர்மன்காரர் ஜப்பான்காரருக்கு உரிமக் கட்டணம் கட்டினார். நாலு காலும் முழுசாக இருந்த நாற்காலிக்குத்தான் போர்ஷே காசு கொடுத்து முட்டு வாங்கியது. இதை எந்த விருந்திலும் யாரும் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றில் ஆட்டமே கிடையாதா? உண்டு. முதல் பிஸ்டனும் மூன்றாவதும் இரு முனைகளில் மாறி மாறி இழுப்பதால் எஞ்சின் முன்னும் பின்னும் தலையாட்டும். அதற்கும் டைஹட்சு 1977லேயே ஷரேடுக்குள் பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்துவிட்டது. தீர்ந்தது.

பிறகு கஞ்சில் மட்டும் ஏன் சிவப்பு விளக்கில் நிற்கும்போது உதறுகிறது? 750 சுற்றில் நாலு சிலிண்டர் நொடிக்கு 25 தடவை வெடிக்கும், மூன்று சிலிண்டர் 19 தடவை கூட வெடிக்காது. இடைவெளி அதிகம், கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஆனால் என் பட்டறைக்கு “உதறுது அண்ணே” என்று வருகிற காடிகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது எஞ்சின் மவுண்டிங்கைத்தான். ரப்பர் எண்ணெய் குடித்து உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் கறுப்பு மாவாக ஒட்டும். நடு இரும்பு ரப்பரை விட்டுக் கழன்று ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். ஏசி கம்ப்ரசர் சேரும்போது சுற்றைத் தூக்கிவிட வேண்டிய ஐடல்-அப் கரி பிடித்துக் கிடக்கும். மவுண்டிங்கை மாற்றி, கரியைக் கழுவி, சுற்றைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் கொடுத்தால் அதே ஆள் “என்ன அண்ணே, எஞ்சின் மாத்திட்டீங்களா?” என்கிறார். பதினைந்து வருடம் மாற்றாத ரப்பருக்குச் சிலிண்டர் கணக்கு என்ன செய்யும்?

“செலவைக் குறைக்கத்தான் செய்தான்.” ஆமாம். செலவைக் கூட்டிக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பீர்களா? ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காடிக்கு நம் பக்கம் ரோட் டேக்ஸ் 20 வெள்ளி, 1.3 காடிக்கு 70 வெள்ளி. இதைச் சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். அப்படியானால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2005இல் வந்த முதல் பெரோடுவா மைவியில் இரண்டு எஞ்சின் உண்டு. 1.0 என்பது 989 சிசி, மூன்று சிலிண்டர். 1.3 என்பது 1298 சிசி, நாலு சிலிண்டர். இரண்டின் சிலிண்டர் குறுக்களவும் ஒன்றுதான், 72 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கில்தான் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வித்தியாசம், அதுவும் மூன்று சிலிண்டர் பக்கம்தான் கூடுதல். அதே அளவு சட்டியில் மூன்று, அதே அளவு சட்டியில் நாலு. ஒன்றை “மிலோ டின்” என்று சிரிக்கிறோம், மற்றதை “அடி காடி” என்று தட்டிக் கொடுக்கிறோம்.

“பவர் இல்லை.” எந்தப் பவர்? குனோங் பூலாயைத் தவிரச் சுற்றுவட்டாரத்தில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அன்னாசி விளையும் கரிமண் சமவெளி, அந்த மண் இறங்கி இறங்கிச் சாலைதான் அலை அலையாகக் கிடக்கிறது. அதில் அடிப்பவருக்கு நல்ல அப்சார்பர்தான் வேண்டும். கெந்திங் ஏறுமா என்பார்கள். நாலு பேரை ஏற்றிய கஞ்சில், ஏசியை அணைத்தால் ஏறும். பெரோடுவா அத்திவா 998 சிசி டர்போ, 140 நியூட்டன் மீட்டர் இழுக்கிறது, மைவி 1.5இன் நாலு சிலிண்டர் அந்த அளவை எட்டவில்லை. மூன்று சிலிண்டரில் ஒன்று வெடித்து 240 பாகை கழித்துத்தான் அடுத்தது வெடிக்கும், ஒன்றின் புகை மற்றதன் வழியில் குறுக்கே வராது. டர்போவுக்கு அதைவிட வசதி வேறில்லை. தோயோத்தா ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டரை வைத்துக்கொண்டு 250 குதிரைத் திறனுக்கு மேல் தருகிறது. பவர் இல்லை என்கிறவர் அதன் விலையைக் கேட்டுவிட்டு வரட்டும்.

2025இல் புரோட்டோன் எக்ஸ்50 மூன்றை விட்டு நாலுக்குப் போனதே என்பார்கள். அது ஒன்றரை லிட்டர் காடி; நான் பேசுவது குட்டிக் காடி.

தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் மாருதி 800ஐப் பற்றி உருகுவார்கள். “என்ன வண்டிங்க, உழைக்கிறதுக்குன்னே பிறந்தது.” 1983 டிசம்பரில் வந்து 2014 வரை செய்யப்பட்ட அந்த வண்டிக்கு 796 சிசி சுசுகி எஞ்சின், சிலிண்டர் மூன்று. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் செய்யும் ரெனோ குவிட் முதலில் வந்தது 799 சிசியில், அதற்கும் மூன்று. கடல் தாண்டினால் கால் முளைத்துவிடும் போலிருக்கிறது.

கடைசியாக, “நிலைக்காது.” அக்சியாவிலும் பெஸ்ஸா 1.0இலும் இருக்கும் எஞ்சினின் மூல வடிவம், டைஹட்சு தோயோத்தாவுக்காகச் செய்த 1கேஆர், சுமார் 70 கிலோதான். 2007 முதல் 2010 வரை நாலு வருடமும் ஒரு லிட்டருக்குட்பட்ட பிரிவில் அனைத்துலகச் சிறந்த எஞ்சின் பரிசு வாங்கியது. பரிசை விடுங்கள், அது பத்திரிகைக்காரர்கள் கொடுத்தது. கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றது. கடைசியாக வந்ததற்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அன்னாசி ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றாமல், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல், ஹெட் கேஸ்கெட்டைப் பொசுக்கிக் கொண்டுவந்து “மூணு சிலிண்டர்னா இப்படித்தான்” என்கிறவர்களையும் தாண்டித்தான் ஓடுகிறது. போன வாரம் கிளட்ச் பிளேட் வாங்க சாமான் கடைக்குப் போனேன். கஞ்சிலுக்கு என்றதும், கடைக்காரர் இருக்கிறதா என்று தேடவே இல்லை, “660ஆ, 850ஆ?” என்றுதான் கேட்டார்.