எட்டு செட், நாற்பது வாய்

வாணியம்பாடியில் எட்டுப் பேர் செத்தார்கள். போனது பல் வைத்தியத்துக்கு. 2022க்கும் 2023க்கும் இடையில் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போன பத்துப் பேருக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது. வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர்., மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து துப்புத் துலக்கி 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் எழுதின. சலைன் பாட்டிலை ஈறு விலக்கும் கருவியால் திறந்து, வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிருமி அந்தப் பாட்டிலில் இருந்தது.

வாணியம்பாடிக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தக் கிருமி ஈரமண்ணில், தேங்கிய நீரில், வயல் சேற்றில் வாழ்வது. பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் எங்கள் ஆற்றங்கரை முழுக்க நெல்வயல்தான். இங்கே அது இருக்கிறது என்று பயமுறுத்த நான் வரவில்லை. மண்ணில் எது இருந்தாலும் அது நோயாளியின் தாடைக்குள் போகாமல் தடுப்பது கிளினிக்கின் வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் என் சண்டை.

"அது பிரைவேட்லதான நடந்துச்சு" என்று அரசு ஆஸ்பத்திரியின் விசுவாசிகள் ஆறுதல் அடைகிறார்கள். "அதான் நான் கவர்மெண்டு பக்கமே போறதில்ல" என்று வசதி உள்ளவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேரும் கிருமிக்கு ஃபீஸ் தெரியும் என்று நம்புகிறவர்கள்.

அரசு மருத்துவமனைகளுக்கு 2015இலிருந்து காயகல்ப் மதிப்பீடு உண்டு. உள் மதிப்பீடு, சக மதிப்பீடு, வெளி மதிப்பீடு என்று மூன்று படி. தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் மதிப்பெண் இருக்கிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வந்துபோகிற குழு மற்ற நாட்களை ரிஜிஸ்டரில்தான் பார்க்க முடியும். பல் பிரிவின் உண்மை ரிஜிஸ்டரில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு நாற்காலி, எட்டு செட் கருவிகள், நாலு மணி நேரக் காலை ஓ.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி வாயில் படுகிற நோயாளிகள் 40 பேர். பயன்படுத்திய செட்டைக் கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து, உலர்த்தி, ஆறவைத்து எடுக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். சிகிச்சை நேரத்தையும் சேர்த்தால் ஒரு செட் அந்தக் காலையில் மூன்று முறைதான் சுற்றிவரும். எட்டு மூணு இருபத்திநாலு. மீதி 16 பேர் வாயில் எது போகும்? ஸ்பிரிட்டால் துடைத்ததா? தரை எவ்வளவு பளபளத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதை நர்ஸ் அக்கா தலையில் கட்டாதீர்கள். எட்டு செட்டைக் கொடுத்துவிட்டு நாற்பது பேரை வரிசையில் நிறுத்தியவர் அவர் இல்லை.

அடுத்தது ஆட்டோகிளேவ். உறையில் ஒட்டிய டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்று அர்த்தம், கிருமி செத்தது என்று அர்த்தமில்லை. அதற்கு ஸ்போர் சோதனை இருக்கிறது. எளிதில் சாகாத பாக்டீரியா வித்துக்களை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது. வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டியது.

பிறகு தண்ணீர். தாமிரபரணித் தண்ணிக்கு என்ன குறைச்சல் என்று பெருமை பேசுவோம். அந்தத் தண்ணீர் மாடித் தொட்டியில் கிடந்து, நாற்காலியின் மெல்லிய குழாய்க்குள் இரவெல்லாம் தேங்கினால் உள்ளே பாசிபோல ஒரு படலம் கட்டும். 2016இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஒரு பல் கிளினிக்கின் குழாய்த் தண்ணீரிலிருந்து 70க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்தது. அமெரிக்காவிலேயே அப்படி.

"இப்படி எழுதினா ஜனங்க பயந்து போலி டாக்டர்ட்ட போயிருவாங்க" என்று ஒரு வாதம் வரும். எனக்கு அது எரிச்சலைத்தான் தருகிறது. ஏழைகளிடம் உண்மையை மறைத்துத்தான் அரசு மருத்துவத்தைக் காப்பாற்ற வேண்டுமா? வரிசையில் நிற்கிற ஆச்சி "இது கழுவுனதா அய்யா?" என்று கேட்கமாட்டாள். "கேட்டா வைவாங்க" என்று அவளுக்குத் தெரியும். இலவசம் என்பதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது. அது அவள் வரியில் நடக்கிற ஆஸ்பத்திரி.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஓ.பி. எண்ணிக்கைக்கு ஏற்ற கருவி செட்டுகள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவ் செய்த ஹேண்ட்பீஸ். வாராந்திர ஸ்போர் சோதனையின் முடிவு, தேதியோடு, தமிழில், பல் பிரிவின் கதவில். முன்னறிவிப்பு இல்லாமல் வருகிற மதிப்பீட்டுக் குழு.

இதைப் படிக்கிற உங்களுக்கும் வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள்: பல் பிரிவில் எத்தனை செட், எத்தனை ஹேண்ட்பீஸ், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள்? கடைசி ஸ்போர் சோதனை எந்தத் தேதியில் நடந்தது? நாற்காலிக் குழாய்த் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? பதில் வந்ததும் முதல் வேலையாக வகுத்துப் பாருங்கள்.