மாத்திரை மட்டும் போதுமா?

காசிமேட்டில் விடியுமுன் மீன்கூடை சுமப்பவள், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவுபவள், திருவொற்றியூரில் ஆலைக் கூலியை நம்பி அடுப்பு மூட்டுபவள் — இத்தகைய தாய்மாரிலே எச்.ஐ.வி.யோடு வாழ்வோரும் உண்டு. ஒழுக்கங்கெட்டவள் என்று தீர்ப்புக் கூறிட நாட்டிலே நாக்குக்குப் பஞ்சமில்லை. அவர்களிலே பலர் அக்கிருமியைப் பெற்றது தாலி கட்டியவனிடமிருந்து! தீர்ப்பளிப்போர் அதை எண்ணிப் பார்த்ததுண்டா?

1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையிலே இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். நம் பண்பாட்டிலா இந்நோய் என்று முகஞ்சுளித்தோர் உண்டு. பண்பாடு கிருமியைத் தடுக்கவில்லை, மருந்துதான் அடக்கிற்று. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளிலே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிற்று. நாள் எண்ணிக் கிடந்தவர்கள் இன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள். வாயார வாழ்த்துகிறோம்.

ஆனால், உயிரைக் காத்தபின் கருப்பை வாயை மறப்பதா? எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்று வரும் வாய்ப்பு, இல்லாதவளைவிட 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாயமன்று, மந்திரமன்று. எச்.பி.வி. எனும் கிருமியைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டிலே தானே விரட்டிவிடும். காவல் தளர்ந்த உடலிலோ அது குடியேறி, உயிரணுக்களைக் கெடுக்கும். கூட்டு மருந்தைக் காலத்தோடு தொடங்கி விடாது உண்டால் ஆபத்து குறையும். குறையுமே தவிர, அகலாது!

இரத்தத்திலே கிருமி கட்டுக்குள் என்று சீட்டு தருகிறார்களே, அது கருப்பை வாயைப்பற்றி ஒரு சொல் சொல்லாது. பார்த்தால்தான் தெரியும். பார்த்திடப் பொன் வேண்டுமா, மணி வேண்டுமா? நீர்த்த அசிட்டிக் அமிலம் — ஊறுகாயில் ஊற்றும் வினிகரின் உறவுதான் — தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். எச்.பி.வி. சோதனை அதனினும் நுட்பம். புற்றாகுமுன் அவ்விடத்தை உறையவைத்தோ சுட்டோ நீக்கிடலாம். எச்.ஐ.வி. உள்ளோர் 25 வயது முதல் 3 அல்லது 5 ஆண்டுக்கொருமுறை சோதித்திட வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை.

வேறொரு நாள் மகளிர் பிரிவுக்குப் போ என்பது, போகாதே என்பதன் நாகரிக வடிவம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. புது வரிசை, புது முகம், மறைத்த நோயை மறுபடி சொல்லும் துயரம் வேறு! மருத்துவம் மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, மெய்தான். சட்டம் அவளோடு வரிசையிலே வந்து நிற்குமா?

ஆகவே கேட்கிறோம்: இராயபுரம் முதல் எண்ணூர் வரை, மாத்திரை வாங்கும் அதே நாளில், அதே கட்டடத்தில், திரைமறைவான ஓர் அறையில், பயிற்சி பெற்ற செவிலித்தாய் அச்சோதனையைச் செய்திட ஆணையிடுங்கள்.